வெள்ளைக் காய்கள் – அத்தியாயம் 14: அப்பா அழுத்திய ‘யெஸ்’

போன வாரம் ரெனிட்டா அழுததைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் கடிதம் போட்ட சகோதரிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அழுகை போன வாரத்தோடு தீர்ந்தது. இந்த வாரம் அவள் பழிவாங்கப் போகிறாள்.

யாரை என்று கேட்டால் வருத்தப்படுவீர்கள். கூடப் பிறந்த அண்ணனைத்தான்.

நடுவில் ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில மகளிர் சதுரங்கப் போட்டிக்கு வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரே ஒருத்திதான் போகலாம். அங்கே ஆடியவள் என்றால்தான் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டா வேலைக்கு மனுப் போடவே முடியும். ரெனிட்டாவுக்கு இந்த வருஷத்தை விட்டால் வயசு தாண்டிவிடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாக, போன மாதம் கடைசி ஆட்டத்தில் பாரதியிடம் தோற்றாள். இருவரும் சமப் புள்ளிகள். அதனால் இன்று வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆம்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் இருவருக்கும் ஒரே ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் தோற்றது கூட வலிக்கவில்லை. தோற்ற பிறகு பாரதி கைகுலுக்கிவிட்டு, வெகுளியாக ஒன்று சொன்னாளே, அதுதான் வலித்தது.

“அக்கா, பதினாலாவது மூவுக்கு நீங்க ரெண்டு பதில் வெச்சிருந்தீங்களே, அந்த ரெண்டாவது பதிலுக்குத்தான் நான் ரொம்ப பயந்தேன்.”

அந்த இரண்டாவது பதிலை ரெனிட்டா யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அது இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டரில், அவள் பயிற்சி செய்து சேமித்து வைத்திருந்த ஃபைலில் மட்டும். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் மூன்றே பேர். அவள், அப்பா இன்பசேகரன், அண்ணன் எலியாஸ். எலியாஸ் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அவனுக்கு மேலதிகாரி சுந்தரமூர்த்தி. சுந்தரமூர்த்தியின் ஒரே மகள் பாரதி. டெஸ்பாட்ச் மேனேஜர் பதவி காலியாகி, அது யாருக்கு என்று சுந்தரமூர்த்தி இன்னும் வாய் திறக்காமல் இருந்தார்.

இதற்கு மேல் விளக்க வேண்டுமா? கூட இருந்தே குழி பறித்துவிட்டான்.

அப்பாவிடம் சொல்லலாம்தான். ஆனால் சின்ன வயதில் அவளைப் பஸ்ஸில் மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று ஊர் ஊராகப் போட்டிக்குக் கூட்டிப்போனவன் எலியாஸ். ‘என் புள்ளைங்க மாதிரி ஒத்துமையா இருக்கணும்’ என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற மனுஷன் இன்பசேகரன். அவர் நெஞ்சில் இதை எப்படிக் கொண்டுபோய்ப் போடுவது? அப்பா காதுக்குப் போகாமலே அண்ணனுக்குப் பாடம் கற்பிப்பது என்று முடிவு செய்தாள்.

முள்ளை முள்ளால் எடுப்பது என்றால் சும்மாவா? இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்தாள்.

யோசித்துச் செய்தது இதுதான். இன்றைய ஆட்டத்துக்குத் தயார் செய்வதுபோல ஒரு புது ஃபைல். அதில், குலுக்கலில் விழுந்தபடியே வெள்ளைக் காய்களோடு ரெனிட்டா, கறுப்புக் காய்களோடு பாரதி. எட்டாவது நகர்த்தலில் வெள்ளை தன் இடது பக்கச் சிப்பாய் ஒன்றைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போகிறது. கறுப்பு ராணி வந்து அதைத் தின்னலாம். அந்த இடத்தில் ரெனிட்டா ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள். ‘இதை எடுத்துவிட்டால் என்னிடம் பதில் இல்லை. பாரதி கவனிக்காமல் இருக்க வேண்டும், கர்த்தரே!’

பதில் இருந்தது. சிப்பாயைத் தின்ற ராணியை வெள்ளை யானை ஓரத்துக்கு விரட்டும். குதிரை வழியை அடைக்கும். மந்திரி கடைசிக் கதவையும் சாத்திவிடும். ராணி போச்சு.

எலியாஸ் இதைத் திருடிக்கொண்டு போய்க் கொடுப்பான். பாரதி நம்பித் தின்பாள், தோற்பாள். ‘வேண்டுமென்றே பொய்த்தாளைக் கொடுத்து என் மகளைக் கவிழ்த்தாயா’ என்று சுந்தரமூர்த்தி அவன் மேல் பாய்வார். பதவி அம்பேல். மேனேஜர் ஆனால்தான் பெண் தருவோம் என்று சொல்லியிருக்கிற வாணியம்பாடிப் பிரிஸ்கில்லா வீட்டுக்காரர்களும் கையை விரிப்பார்கள். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு இடைஞ்சல்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் சதுரங்க புரோகிராம்கள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது. அது மூளையுள்ளது. எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் தானே யோசித்து, கீழே ஒரு பட்டையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணில் காட்டிவிடும். இன்னொன்று சின்னது. அதற்கு மூளை கிடையாது. காய்களை நகர்த்திக் காட்டும், பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆட்ட ஃபைலின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் இதுவரை திறந்துகொண்டிருந்தது பெரியது. அது திறந்தால் ராணி போகப்போவதை ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். எலியாஸுக்குக் காய் எப்படி நகரும் என்பதற்கு மேல் சதுரங்கம் தெரியாது. ஆனால் எண் படிக்கத் தெரியுமே!

பெரிய புரோகிராமையே அழித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தினமும் காலைக் காபிக்குப் பிறகு அதோடு ஒரு ஆட்டம் ஆடித் தோற்றால்தான் அப்பாவுக்குப் பொழுது விடியும்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, எலியாஸ் குளிக்கப் போன நேரம் பார்த்து, ரெனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆம்பூர்த் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஷிப்டுச் சங்கு ஊதாததால் தெருவே இன்னும் போர்வைக்குள் இருந்தது. கீபோர்டில் ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டு, ஃபைலின் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டினாள். எதை வைத்துத் திறக்கட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. சின்ன புரோகிராமைத் தேர்ந்தெடுத்தாள். ‘இந்த வகை ஃபைலை எப்போதும் இதிலேயே திற’ என்றிருந்த கட்டத்தில் டிக் போட்டாள். ஃபைலின் மேல் இருந்த குதிரைத் தலைப் படம் மறைந்து, அந்த இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

படம் மாறியதை எலியாஸ் கவனிக்க மாட்டான். அவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு தட்டு. திறந்தால் சரி.

சோதித்துப் பார்த்தாள். இரண்டு தட்டு. சின்னது திறந்தது. சிப்பாய் தனியாக நின்றது, கறுப்பு ராணி வந்து தின்றது, எந்த எண்ணும் வரவில்லை. ரெனிட்டாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. பயத்தில் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

“ரெனி, பஸ் போய்டும்டி. பையை எடுத்துட்டு வர்றியா?” என்று வாசலில் இருந்து அம்மா ஆக்னஸ் குரல் கொடுத்தாள். வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு என்றாலும் அவளுக்கு இல்லை.

“தோ வர்றேம்மா.”

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரெனிட்டா வேண்டுமென்றே கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்தாள்.

எலியாஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். “இன்னா ரெனி, இன்னிக்கு இன்னா ஆடப்போற? பழசா, புதுசா?”

“புதுசுண்ணா. கொஞ்சம் ரிஸ்க்குதான். எல்லாம் ஃபைல்ல போட்டு வெச்சிருக்கேன்.”

“ஜாஸ்தி யோசிக்காத. நீ ஜெயிச்சிடுவ. அண்ணன் ப்ரே பண்றேன்.”

பிரார்த்தனையாம்! அவன் முகத்தில் துண்டைப் போட்டு அழுத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. சிரித்துவிட்டு அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அம்மாவை ஏற்றிவிட்டு, பூக்கடையில் நின்று, தெரிந்தவள் ஒருத்தியிடம் வேண்டாத கதையெல்லாம் பேசி, திருடனுக்குத் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே பிரிண்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஏலத்தில் எலியாஸ் எடுத்து வந்த பழைய பிரிண்டர். ஒரு வரிக்கு ஒரு முறை அது அழுகிற அழுகை தெருமுனைவரை கேட்கும். ரெனிட்டா வாசலிலேயே நின்று அதைக் கேட்டாள். அவள் காதுக்கு அது நாதஸ்வரமாக இருந்தது.

சத்தம் நின்றது. எலியாஸ் சட்டைப் பையில் எதையோ மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“கம்பெனில ஒரு கண்டெய்னர் ஏத்தணும். லீவுன்னாலும் வுட மாட்டேன்றாங்க. நேரா மண்டபத்துக்கு வந்துர்றேன்.”

“சரிண்ணா. பாத்துப் போ.”

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு உள்ளே போனாள். அப்பா இன்பசேகரன் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தை அடக்க முடியாமல் அவர் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

“இன்னாம்மா, இப்பவே ஜெயிச்சிட்ட மாதிரி இருக்க?”

“ஆமாப்பா.”

அப்படியே திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தவள் நின்றுவிட்டாள். ஃபைலின் மேல் குதிரைத் தலை உட்கார்ந்திருந்தது.

“அப்பா.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலியே. நீங்க பஸ்ஸுக்குப் போனதும் தினம் ஆடற மாதிரி ஒரு ஆட்டம் ஆடினேன். சீக்கிரமே தோத்துட்டேன்.”

“வேற ஒண்ணும் பண்ணலியா?”

“ஆரம்பிக்கும்போது அது ஏதோ கேட்டுச்சு. இந்த மாதிரி ஃபைலை இப்ப வேற யாரோ திறக்கறாங்க, இனிமே நானே திறக்கட்டுமான்னு கேட்டுச்சு. யெஸ், நோன்னு ரெண்டு இருந்துச்சு. யெஸ் குடுத்தேன்.”

“ஏம்ப்பா குடுத்தீங்க?”

“அது மரியாதையா கேக்குதும்மா. மூஞ்சில அடிச்ச மாதிரி நோன்னு எப்பிடி சொல்றது?”

வேலை பார்த்த காலமெல்லாம் ஆஸ்பத்திரி விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். வந்தவர்கள் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பிய பழக்கம் கிடையாது. மனுஷர்களிடம் இருந்த அந்தத் தாட்சண்யம் மெஷினிடமும் வந்து தொலைத்தால் யாரை நோவது? ரெனிட்டாவுக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது.

“நீங்க ஆடினது அண்ணன் உக்கார்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“முன்னாடிதான். நான் எழுந்ததும் அவன் உக்காந்தான். ரொம்ப நேரம் உத்து உத்துப் பாத்துட்டு இருந்தான். உன் மேல அவனுக்கு எவ்ளோ அக்கறை பாரு.”

ரெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை இரண்டு தட்டுத் தட்டினாள். பெரியது திறந்தது. சிப்பாயை ராணி தின்ற அடுத்த நொடி, கீழே பட்டையில் சிவப்பாக வந்து விழுந்தது எண். வெள்ளைக்கு ஒன்பது ஜாஸ்தி. ஒரு ராணிக்கு மதிப்பு ஒன்பது. ராணி போச்சு என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. இதைத்தான் அவன் உற்று உற்றுப் பார்த்திருக்கிறான்.

இனிச் சின்ன புரோகிராமுக்கு மாற்றி என்ன புண்ணியம்? வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணையை அவள் போட்டுத்தான் வைத்திருந்தாள். அப்பா மரியாதையாகத் திறந்துவிட்டார்.

இப்போது எலியாஸ் என்ன செய்வான்? ‘சார், இது பொறி. சிப்பாயைத் தொடாமல் சும்மா ராஜாவை நகர்த்திக் கோட்டை கட்டச் சொல்லுங்க’ என்று சொல்லிக் கொடுப்பான். சொல்லிவிட்டால் சிப்பாய்க்குப் பலனும் கிடையாது, வெள்ளைக்கு ஒரு நகர்த்தலும் வீண். அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க ரெனிட்டா இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் ஆட வேண்டியிருக்கும்.

வேறு ஆட்டம் ஆடலாமா? அவள் தயார் செய்து வைத்திருந்த மற்ற ஆட்டங்கள் எல்லாம் பழைய ஃபைலில் இருந்தவை. அவை போன மாதமே பாரதி வீட்டுக்குப் போய்விட்டன.

“ஏம்மா முகம் வெளுத்துப் போச்சு?” என்றார் இன்பசேகரன்.

“பசிப்பா.”

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஜும்மா தொழுகை முடிந்து, தெருவெல்லாம் பிரியாணி மணம். மேடைமேல் ஒரே ஒரு மேஜை. நடுவர் அக்தரி பேகம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆட்டக் கடிகாரத்தைத் திருகிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே நாற்காலிகளில் கம்பெனிக்காரர்கள், சதுரங்கச் சங்கத்துக்காரர்கள், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள். முதல் வரிசையில் சுந்தரமூர்த்தி. அவருக்குப் பக்கத்தில், அவர் காதுக்கு எட்டும் தூரத்தில், எலியாஸ்.

தங்கச்சி வரும்போது எழுந்து கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினான்.

பாரதி எதிரே வந்து உட்கார்ந்தாள். பதினேழு வயசு. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. “ஆல் தி பெஸ்ட்க்கா” என்றாள். ரெனிட்டா தன் குதிரைகளை நேராகத் திருப்பி வைத்தாள். இந்தப் பெண் மேலும் அவளுக்குக் கோபம்தான். திருட்டுத் தாள் என்று தெரியாமலா வாங்கிப் படித்தாள்?

கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

ஏழாவது நகர்த்தல்வரை இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. எட்டாவதில் ரெனிட்டாவின் கை நின்றது. சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டுப் போகலாம், விடாமலும் போகலாம். பாதுகாப்பான வழி ஒன்று இருந்தது. அதில் ஆட்டம் சமமாகப் போகும். புத்தி அதைத்தான் ஆடச் சொன்னது.

ஆனால் அவள் புத்தியை வைத்துக்கொண்டு இங்கே வரவில்லை. அண்ணன் எவ்வளவு தூரம் போவான் என்று அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். போன மாதம் பதவி ஆசையில் செய்துவிட்டான், சரி. இன்றைக்கு அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்த பிறகும், தங்கச்சி குழியில் விழுவாள் என்று தெரிந்தும், எதிராளிக்கு வழி காட்டியிருந்தால் அவனை மன்னிக்கக் கர்த்தர் வந்து சொன்னாலும் அவள் தயாராக இல்லை. ஆட்டமே போனாலும் போகட்டும் என்று குதிரையை எடுத்து வைத்தாள். சிப்பாய் அநாதையாக நின்றது.

பாரதி யோசித்தாள். ரெனிட்டா பலகையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கல்லாக இருந்தது.

பாரதியின் கை ராஜாவின் பக்கம் போனது. கோட்டை கட்டப் போகிறாள். சொல்லிவிட்டான். பாவி சொல்லியேவிட்டான்.

கை ராஜாவின் மேல் படாமல் காற்றில் நின்றது. பிறகு மெல்ல விலகி, ராணியைத் தொட்டது. தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும். ராணி வந்து சிப்பாயைத் தின்றது.

ரெனிட்டா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. யானையை ஓங்கி வைத்தாள். ராணி ஓரத்துக்கு ஓடியது. குதிரை போய் வழியை அடைத்தது. பாரதியின் முகம் அப்போதுதான் மாறியது. பலகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அவள் கண் ஓடியது. மந்திரி வந்து கதவைச் சாத்தியது.

என்ன ருசி அது! உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நம் ரெனிட்டா பரிதாபப்படவில்லை. எதிரே ஒரு சின்னப் பெண்ணின் கீழுதடு நடுங்குவதைப் பார்த்து, போன மாதம் இப்படித்தானே எனக்கும் இருந்தது என்று வயிறு குளிர உட்கார்ந்திருந்தாள். பாரதி ராஜாவைச் சாய்த்துவிட்டு, கைகுலுக்கி, மேடையை விட்டு ஓடினாள்.

“வெள்ளை ஜெயிச்சாச்சு” என்றார் அக்தரி பேகம். “மாஷா அல்லா, இவ்ளோ சீக்கிரமா!”

கைத்தட்டலுக்கு நடுவே ரெனிட்டா அண்ணனைத் தேடினாள். இப்போது அந்த முகம் எப்படி இருக்கும்? அதற்காகத்தானே இத்தனையும்?

எலியாஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுந்தரமூர்த்தி அவன் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனார். ரெனிட்டா பின்னாலேயே போய்த் தூண் பக்கம் நின்றாள்.

“இன்னாய்யா இது? எதுக்குய்யா இந்தப் பேப்பரைக் குடுத்த? என் பொண்ணு இதை நம்பி ஆடினாய்யா!”

“நீங்க கேட்ட பேப்பரைத்தானே சார் குடுத்தேன்? தங்கச்சி இன்னா ஆடப்போறான்னு கேட்டீங்க. அதுல இருந்ததைத்தான் அவ ஆடினா.”

“நாளைக்குக் கம்பெனிக்கு வா. உன்னைப் பாத்துக்கறேன்.”

“வர்றேன் சார். வசந்த் சாரையும் கேட்டதா சொல்லுங்க.”

சுந்தரமூர்த்தி அவன் கையை உதறினார். காரை நோக்கி நடந்துவிட்டார். எலியாஸ் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான். தோளில் தட்டி, மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவும் குழாய் வரிசைப் பக்கம் கூட்டிப்போனான்.

“கீழ சிவப்புல ஒன்பதுன்னு காட்டுச்சு ரெனி. பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. எனக்குப் பொறி வெச்சிருக்கன்னு.”

“பாத்துமா குடுத்த?”

“பாத்ததாலதான் குடுத்தேன்.” அவன் பல்லைக் கடித்தான். “நேத்து சாயந்திரம் மேனேஜர் போஸ்ட்டை வசந்துக்குக் குடுத்துட்டாரு அந்த ஆளு. நேத்து வந்த வசந்து! என் தங்கச்சியையே வித்து அவர் கையில குடுத்தேன், அதுக்கு இதான் கூலி. இன்னிக்குக் காலைல அந்த நம்பரைப் பாத்தப்ப கர்த்தரே எனக்குக் காட்டின மாதிரி இருந்துச்சு. அவர் பொண்ணை அவர் கண்ணு முன்னாடியே கவுத்தாச்சு. நீ வெச்ச பொறி, நான் கொண்டுபோய் சேத்தேன். நம்ம ரெண்டு பேரும் சேந்து அடிச்ச அடி!”

ரெனிட்டா இத்தனை நாள் ஊறப்போட்டு வைத்திருந்த அத்தனை வன்மமும் அவன் மேல் விழாமல், அவனுக்கே ஏவல் செய்துவிட்டு வந்து நின்றது. அவள் ஆட்டத்தைத் திருடினான். பொறுத்துக்கொண்டாள். இப்போது அவள் பழியையும் திருடிவிட்டானே! மாநிலத்துக்குப் போகிற சந்தோஷம்கூட அந்த நிமிஷம் அவளுக்குக் கசந்தது.

“நான் உன்னைக் கவுக்கத்தான் வெச்சேன்” என்றாள். “அவங்களை இல்ல.”

“தெரியும். பரவால்ல, வுடு. அப்பாவுக்கு மட்டும் எதுவும் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தனை நாள் அவள் மனசுக்குள் வைத்திருந்த அதே வார்த்தைகள். தன் மனசில் அது பாசமாக இருந்தது. அவன் வாயில் அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

“எங்க, எங்க என் புள்ளைங்க?” என்று இன்பசேகரன் குரல் முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். இரண்டு கையிலும் பிரியாணிப் பொட்டலம், எண்ணெய் கசிந்து விரலெல்லாம் பளபளத்தது. “கத்திரிக்காய் தொக்கு ஜாஸ்தி போடச் சொன்னேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு சொல்லிட்டேன். வார்டே கேக்கற மாதிரி கத்தினா!”

எலியாஸ் சட்டென்று தங்கச்சியின் தோளில் கையைப் போட்டான். “எல்லாம் உங்க பொண்ணு சாமர்த்தியம்ப்பா.”

“அவ சாமர்த்தியம் பாதி, உன் உழைப்பு பாதி. காலைல நீ அந்த ஃபைலை அவ்ளோ நேரம் பாத்துட்டு இருந்தியே, நான் கவனிக்கலியா? ரெனி, இனிமே ஸ்டேட்டுக்கு ஆடற ஆட்டத்தையெல்லாம் அண்ணன்கிட்ட காட்டிட்டே ஆடு. அவன் கைராசிக்காரன்.”

ரெனிட்டா தோளில் இருந்த கையை எடுத்தாள். தட்டிவிடவில்லை, மெதுவாக எடுத்துத் தள்ளி விட்டாள்.

“அப்பா, போன மாசம் நான் எப்பிடித் தோத்தேன்னு அண்ணனைக் கேளுங்க.”

இன்பசேகரன் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். “இன்னாடா சொல்றா?”

“ஒண்ணும் இல்லப்பா. டென்ஷன்ல பேசறா. வாங்க, பிரியாணி ஆறிடப் போவுது.”

“எலியாஸ். எப்பிடித் தோத்தா?”

எலியாஸ் தரையைப் பார்த்தான், பிறகு தங்கச்சியைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் இப்போதுதான் அவனிடம் வந்திருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

குழாய் வரிசையின் கடைசியில் யாரோ தண்ணீரை நிறுத்தினார்கள். முகத்திலிருந்து நீர் சொட்டச் சொட்ட, கண் சிவந்து பாரதி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

“அவங்க சொல்ல மாட்டாங்க அங்கிள்” என்றாள். “நான் சொல்றேன்.”

இன்பசேகரன் பொட்டலங்களைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

“சொல்லும்மா” என்றார். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.